என் மகளின் கன்ன எலும்பைப் பார்த்த மருத்துவப் பிரிவு: எங்கள் அனுபவம்

முகத்தில் கெட்டியாக ஏதோ வளர்கிறது, வலி இல்லை, ஸ்கேன் ரிப்போர்ட்டில் வாயில் நுழையாத பெயர் ஒன்று இருக்கிறது, அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் மகளுக்கு இடது மேல்தாடையில் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா, அதாவது நல்ல எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நாரும் எலும்பும் கலந்து வளரும், புற்றுநோய் அல்லாத ஒரு நோய். 11 வயதில் தெரியவந்தது, இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இத்தனை வருடமும் ஒரே இடத்தில்தான் காட்டுகிறோம்: ஒரு பெரிய மருத்துவமனையின் முகத்தாடை அறுவைச் சிகிச்சைப் பிரிவு. பெயரைப் போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பது ஒரு காரணம். இந்த நோய்க்கு எப்படிப்பட்ட இடத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டால், நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உதவும் என்பது இன்னொன்று.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதில் இந்தப் பிரிவு அருமை. அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படாமல் இருந்தது அதைவிட அருமை. ஆனால் விஷயத்தை நோயாளியிடம் எடுத்துச் சொல்வதில், முக்கியமான ஓரிடத்தில், ரொம்பவே குறை.

வளர்ச்சியை முதலில் கவனித்தவர் கண்ணாடிக் கடைக்காரர். மகளின் மூக்குக்கண்ணாடி இடது பக்கம் ஏறியே நிற்கும். அவர் காம்பை வளைத்துச் சரிசெய்து கொடுப்பார், சில மாதத்தில் மறுபடி ஏறிவிடும். ஒரு நாள் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஃப்ரேம் நேராத்தான் இருக்கும்மா. பாப்பாவோட கன்னம்தான் ஒரு பக்கம் தூக்கி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார்.

அதன் பிறகு போன இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் சைனஸ் என்று மாத்திரை கொடுத்தார். ஒரு பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே எலும்பு வெண்மையாக மங்கித் தெரிகிறது, இது என் கையில் இல்லை என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பினார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். இன்னொரு இடத்தில் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள் (பயாப்சி). ரிப்போர்ட்டில் 'தீங்கற்ற நார்-எலும்பு வளர்ச்சி' என்ற அர்த்தத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணர், அந்தப் பக்க மேல்தாடையைப் பற்களோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும், அடுத்த வாரமே வந்து சேருங்கள் என்றார். தீங்கற்றது என்றுதானே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "இப்ப அப்படி இருக்கும், நாளைக்கு மாறினா?" என்று மட்டும் பதில் வந்தது. 11 வயதுக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் இந்தப் பிரிவுக்கு வந்தோம்.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. தலைமை மருத்துவர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. மகளை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, தலைக்குப் பின்னால் நின்று மேலிருந்து கீழாக முகத்தைப் பார்த்தார். இரண்டு கன்னத்தின் உயர வித்தியாசம் அந்தக் கோணத்தில்தான் தெளிவாகத் தெரியுமாம். கையுறை போட்டு, உதட்டுக்கு உள்ளே கட்டைவிரலை வைத்து எலும்பை ஓரம் ஓரமாகத் தடவினார். அழுத்தினால் வலிக்கிறதா, கன்னம் மரத்துப் போகிறதா, பல் ஆடுகிறதா, மூக்கு அடைக்கிறதா, எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறதா என்று மகளிடமே கேட்டார், என்னிடம் அல்ல. அப்புறம் என் பக்கம் திரும்பி, "பழைய போட்டோ இருக்காம்மா? பிறந்தநாள், ஸ்கூல் போட்டோ, எதுவா இருந்தாலும் சரி" என்றார். போனில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். 8 வயதில் எடுத்த படத்திலேயே இடது மூக்கோரம் லேசாகத் தூக்கி இருந்தது. வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்திருக்கிறது என்பது முக்கியமான தகவல், சில வாரத்தில் திடீரென்று வீங்கியிருந்தால் யோசனை வேறு மாதிரி போகும் என்றார்.

அடுத்து வந்த கேள்விகள் எனக்கு விநோதமாகப் பட்டன. உடம்பில் பால் கலந்த காப்பி நிறத்தில் பெரிய திட்டுகள் உண்டா? மிகச் சின்ன வயதிலேயே பூப்பெய்திவிட்டாளா? கை கால் எலும்பு எப்போதாவது எளிதில் முறிந்ததா? குடும்பத்தில் யாருக்காவது குடலில் பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி) இருந்ததா? கன்னத்தைக் காட்ட வந்த இடத்தில் குடலைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று நான் முழித்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரம் எடுத்து விளக்கினார்.

முகத்து எலும்பில் வரும் தீங்கற்ற வளர்ச்சி எல்லாம் ஒன்றல்ல. ஆஸ்டியோமா என்பது கெட்டியான எலும்புக் கட்டி. பெரும்பாலும் நெற்றி சைனஸில் வரும், வேறு காரணத்துக்காக சிடி எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும். தனியாக ஒன்று இருந்தால் பயமில்லை. ஆனால் தாடையில் இப்படிப் பல கட்டிகள் இருந்து, கூடவே அதிகப்படியான பற்களோ முளைக்காமல் உள்ளேயே தங்கிவிட்ட பற்களோ இருந்தால், கார்ட்னர் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். 1950களில் அமெரிக்க மரபியலாளர் கார்ட்னர் விவரித்தது இது. ஏபிசி (APC) என்ற மரபணுவில் உள்ள கோளாறு. பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வளரும், கவனிக்காமல் விட்டால் 40 வயதையொட்டி அது புற்றுநோயாக மாறுவது கிட்டத்தட்ட உறுதி. தாடைக் கட்டிகள் சில பேருக்குக் குடல் தொந்தரவு தெரிவதற்குப் பல வருடம் முன்பே வந்துவிடும். அதனால் தாடையைப் பார்க்கும் மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்டால் ஒரு குடும்பமே பிழைக்கும். அன்று அது எங்களுக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு பிரிவை எடை போடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் போன எந்த இடத்திலும் அதைக் கேட்கவில்லை.

தோல் திட்டு, பூப்பெய்திய வயது பற்றிய கேள்விகள் மெக்கியூன்-ஆல்பிரைட் சிண்ட்ரோமுக்காக. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவோடு தோல் நிறமாற்றமும் ஹார்மோன் கோளாறும் சேர்ந்து வந்தால் அந்தப் பெயர். ரத்தத்தில் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் அளவு, கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி எல்லாம் பார்த்தார்கள். பாராதைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தச் சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் தாடையில் கட்டி வரும், அதற்குக் கத்தி வைக்க வேண்டியது தாடையில் இல்லை, கழுத்தில். உடம்பு முழுக்க எலும்பு ஸ்கேன் ஒரு முறை எடுத்து, முகத்தையும் மண்டையோட்டின் அடிப்பகுதியையும் தவிர வேறெங்கும் இல்லை என்று உறுதி செய்தார்கள். வைட்டமின் டி மட்டும் குறைவாக இருந்தது, மருந்து கொடுத்தார்கள்.

சிடி ஸ்கேன் பார்த்த அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கதிரியக்க மருத்துவர் எங்களையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். மகளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, "நீயே உருட்டிப் பாரும்மா" என்று மவுஸைக் கையில் கொடுத்தார். அவள் சக்கரத்தை உருட்ட உருட்ட, முகம் தாடையிலிருந்து நெற்றிவரை படம் படமாக ஏறிக்கொண்டே போனது. வலது பக்கம் கன்ன எலும்புக்குள் சைனஸ் கறுப்பாக, காலியாக இருந்தது. இடது பக்கம் அந்தக் கறுப்பு ஒரு மெல்லிய கீற்றாகச் சுருங்கி, மீதி இடம் முழுக்கச் சாம்பல் வெள்ளையில் ஒரே சீராக மங்கி இருந்தது. இதைத்தான் தேய்த்த கண்ணாடித் தோற்றம் என்கிறார்கள். "இதோட ஓரம் எங்க முடியுதுன்னு காட்டு பாக்கலாம்" என்றார். மகள் திரையில் விரலை வைத்துத் தேடினாள், கிடைக்கவில்லை. "அதுதான் விஷயமே. இதுக்கு ஓரமே கிடையாது. நல்ல எலும்போட கலந்துடும்."

அதே மாதிரி வெளியே தெரியும் இன்னொன்று இருக்கிறது, ஆசிஃபையிங் ஃபைப்ரோமா. அது பழத்துக்குள் கொட்டை இருப்பது போல ஓரம் பிரிந்து தெரியும், அதை முழுதாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும், குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வேகமாகவே வளரும். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவோ அப்படியல்ல. பெரும்பாலானவர்களுக்கு உடல் வளர்ச்சி நிற்கும்போது இதுவும் அடங்கிவிடும். ஆகவே, இரண்டில் எது என்று தெரியாமல் கத்தியை எடுப்பதுதான் பெரிய தவறு என்றார். பழைய துண்டைப் பரிசோதித்த கூடத்தில் ஏன் இதைப் பிரித்துச் சொல்லவில்லை என்று கேட்டேன். நுண்ணோக்கியில் இரண்டும் நார்த் திசுவுக்கு நடுவே எலும்பு முளைத்த மாதிரிதான் தெரியும், துண்டை மட்டும் தனியாகப் பார்க்கிறவருக்குப் பல நேரம் அதற்குமேல் சொல்ல முடியாது, ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது.

பார்க்கவும் செய்தார்கள். எங்கள் பழைய பயாப்சி ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கிவரச் சொன்னார்கள். இந்தப் பிரிவில் வாரம் ஒரு நாள் அறுவைச் சிகிச்சை, கதிரியக்கம், திசுப் பரிசோதனை, கண், காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சிக்கலான கேஸ்களைப் பேசுகிறார்கள். எங்கள் கேஸும் அதில் போனது. புதிதாகத் துண்டு எடுக்காமலே முடிவு சொன்னார்கள். இந்த நோய்க்குக் காரணமான ஜிஎன்ஏஎஸ் (GNAS) என்ற மரபணுவுக்கான சோதனையையும் பழைய துண்டிலேயே செய்தார்கள், மாற்றம் இருந்தது. குழந்தைக்கு இன்னொரு கீறல் மிச்சம். ஐந்து துறைக்காரர்கள் ஒரே மேஜையில் உட்காரும் ஏற்பாடுதான் இந்த இடத்தின் உண்மையான பலம். கட்டிடமோ கருவிகளோ அல்ல.

முடிவைச் சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி, நான் கர்ப்பமாக இருந்தபோது ஏதாவது சாப்பிட்டதாலா, விழுந்ததாலா என்பது. குழந்தைக்கு ஏதாவது வந்தால் தாயிடம்தான் எல்லாரும் காரணம் தேடுகிறார்கள், வீட்டிலும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர் பேனாவை எடுத்து ஒரு தாளில் வட்டம் போட்டு, அதை இரண்டாக, நான்காகப் பிரித்து, அதில் ஒன்றை மட்டும் கறுப்பாக்கினார். கரு உருவான பிறகு, ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக அந்த மரபணு மாறிவிடுகிறது. அந்தச் செல்லிலிருந்து பிறந்தவை எங்கெங்கே போய்ச் சேருகின்றனவோ அங்கே எலும்பு இப்படி ஆகிறது. அப்பா அம்மாவிடமிருந்து வருவதும் இல்லை, நாளைக்கு இவள் குழந்தைக்குப் போவதும் இல்லை. இந்த நோய்க்கு லிச்டென்ஸ்டைன் 1938இல் பெயர் வைத்தார், மரபணுக் காரணம் 1991இல்தான் தெரியவந்தது என்பதையும் அன்றுதான் கேட்டேன். அந்தத் தாளை வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றது. எனக்கு இது சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

அப்புறம் காத்திருப்பு. இதைத்தான் பலர் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். "டாக்டர் ஒண்ணுமே பண்ணலையே" என்று சொந்தத்தில் கேட்காதவர்கள் இல்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் விடுவதும், அளந்து கவனித்துக்கொண்டே காத்திருப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே சுவருக்கு முன்னால், ஒரே வெளிச்சத்தில், நேராக, இரண்டு பக்கவாட்டில், அண்ணாந்தபடி என்று போட்டோ எடுத்தார்கள். சிடி ஸ்கேனை அடிக்கடி எடுக்கவில்லை. குழந்தைக்குத் தேவையில்லாமல் கதிர்வீச்சு வேண்டாம், அறிகுறி மாறினால் எடுப்போம் என்றார்கள். கண் பரிசோதனை மட்டும் தவறாமல் நடந்தது. மகளுக்கு வளர்ச்சி மண்டையோட்டின் அடிப்பகுதியில் கண் நரம்பு வரும் குழாயைச் சுற்றியும் இருந்தது. பார்வைக் கூர்மை, நிறம் பிரித்தறிதல், பக்கவாட்டுப் பார்வை, விழித்திரை நரம்பின் தடிமன் ஒவ்வொன்றையும் பதிவு செய்து, முந்தைய தாளோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

கண் நரம்பைச் சுற்றி எலும்பு நெருக்குகிறதே, முன்கூட்டியே அதைத் திறந்துவிடக் கூடாதா என்று நான் கேட்டேன். ஸ்கேனில் நரம்பைச் சுற்றி எலும்பு இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை அப்படியே இருக்கும், பார்வை நன்றாக இருக்கும்போது அங்கே கை வைத்தால் அந்த அறுவையே பார்வையைப் பறித்துவிடக்கூடும் என்றார்கள். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பவர்களுக்குத்தான் பார்வை ஆபத்து கூடுதல், அதனால்தான் அந்த ரத்தப் பரிசோதனையை முதலிலேயே செய்தோம் என்றார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கையைத் தாளில் எழுதியே கொடுத்தார்கள்: திடீரென்று வீங்கினால், வலி வந்தால், பார்வை மங்கினால், அப்பாயிண்ட்மெண்ட் பார்க்காமல் உடனே வர வேண்டும். இந்த எலும்புக்குள் ரத்தம் நிறைந்த நீர்க்கட்டி உருவாகி, வேகமாகக் கண் நரம்பை அழுத்தும் வாய்ப்பு உண்டு, அப்போது மட்டும் அவசரம் தேவை.

ரேடியேஷன் கொடுத்துச் சுருக்கலாமே என்று யாரோ சொன்னதைக் கேட்டபோது தலைமை மருத்துவர் சட்டென்று கையசைத்து மறுத்தார். இந்த நோய் தானாகப் புற்றுநோயாக மாறுவது 1 சதவீதத்துக்கும் குறைவு, ரேடியேஷன் கொடுத்தால்தான் அந்த ஆபத்து கூடும், யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றார். வலி இருப்பவர்களுக்கு எலும்பு கரைவதைக் கட்டுப்படுத்தும் ஊசி மருந்து கொடுப்பது உண்டாம். மகளுக்கு வலி இல்லாததால் கொடுக்கவில்லை.

இந்தக் காலத்தில் பள்ளியில் என் மகள் பட்டது தனிக் கதை. எல்லா போட்டோவிலும் இடது பக்கத்தைத் திருப்பிக்கொள்வாள். இங்கேதான் என் முதல் குறை. எலும்பை இவ்வளவு கவனமாக அளந்த பிரிவில், பதின்ம வயதுப் பெண் தன் முகத்தோடு எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. மனநல ஆலோசகர் அதே மருத்துவமனையில் இருக்கிறார், ஆனால் நாங்களாகக் கேட்டுத்தான் போனோம். பயிற்சி மருத்துவர்கள் கூட்டமாக வந்து நின்று, அவள் முகத்தைச் சுட்டிக்காட்டி, அவள் தலைக்கு மேலே பேசிவிட்டுப் போனதும் உண்டு. நான் தலைமை மருத்துவரிடம் சொன்ன பிறகு அது மாறியது. அடுத்த தடவையிலிருந்து மகளிடம் முதலில் அனுமதி கேட்டார்கள். ஆனால் ஒருவர் புகார் செய்த பிறகுதான் மாற வேண்டுமா?

காத்திருக்கும் கூடத்தையும் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் ஆகும், முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கேதான் நெற்றியில் உருண்டையாகப் புடைத்த ஒரு பெரியவரோடு பேசினோம். அவருக்கு ஆஸ்டியோமா, பல வருடமாக இருக்கிறது, தொந்தரவு இல்லை. சைனஸின் வழியை அடைத்துச் சளி தேங்கினாலோ, கண் குழிக்குள்ளோ மூளைப் பக்கமோ வளர்ந்தாலோதான் எடுத்தாக வேண்டும், உங்களுடையது மண்டையோட்டுக்கு வெளிப்பக்கம், பார்வைக்கு உறுத்துகிறது என்றால் முடிக்குள் சின்னக் கீறல் போட்டு உளியால் எடுத்துவிடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று சொல்லி, முடிவை அவரிடமே விட்டார்களாம். அவர் விட்டுவிட்டார். மகள் அவரிடம், "தாத்தா, யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள். "எலும்பு கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு சொல்லுவேம்மா" என்றார். அதன் பிறகு அவளும் அதையே சொல்ல ஆரம்பித்தாள்.

அறுவைச் சிகிச்சை 18 வயதுக்குப் பிறகு நடந்தது. இடைவெளி விட்டு எடுத்த ஸ்கேன்களில் வளர்ச்சி நின்றுவிட்டது என்று உறுதியான பிறகுதான் தேதி கொடுத்தார்கள். சின்ன வயதில் சீவினால் மறுபடி வளரும் வாய்ப்பு அதிகம், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும் என்பது காரணம். முழு எலும்பையும் எடுக்கவில்லை, புடைத்ததை மட்டும் சீவி முகத்தைச் சமமாக்கினார்கள்.

அதற்கான திட்டமிடல்தான் இந்தப் பிரிவில் நான் பார்த்த மிக அழகான வேலை. வலது பக்க எலும்பைக் கம்ப்யூட்டரில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, இடது பக்கத்தின் மேல் பொருத்தி, எவ்வளவு அதிகம் என்று நிறம் நிறமாகக் காட்டினார்கள். கன்னத்தின் முனையில் அடர் சிவப்பு, மூக்கோரம் மஞ்சள், கண்ணுக்குக் கீழே பச்சை. அப்புறம் அவள் முகத்து எலும்பையே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்து மேஜைமேல் வைத்தார்கள். மகள் அதைக் கையில் எடுத்து, ஒரு கட்டைவிரலை வலது கன்னத்திலும் இன்னொன்றை இடதிலும் வைத்துத் தடவிப் பார்த்தாள். கண் குழிக்குக் கீழே ஒரு சின்னத் துளை இருந்தது. "இது என்ன?" என்று கேட்டாள். கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு வெளியே வரும் இடம் என்றார் இளைய மருத்துவர். அதற்குமேல் அன்று அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்த நரம்பைச் சுற்றியும் சீவ வேண்டியிருக்கும், அதனால் கன்னமும் மூக்கோரமும் மேலுதடும் மரத்துப் போகலாம், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகவே இருந்துவிடலாம் என்பது அறுவைக்கு முந்தைய இரவு, கையெழுத்துக்குக் கொண்டுவந்த தாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பொடி எழுத்தில், மற்ற வரிகளுக்கு நடுவில் ஒரு வரி. விளக்க வந்தவருக்கு எங்கள் கேஸே தெரியாது. என் கோபம் இதில்தான். இத்தனை வருடம் காத்திருந்தவர்களிடம், மாடல் கையில் இருந்த அன்றே, அந்தத் துளையைக் காட்டியே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் மகள் சம்மதித்திருப்பாள், அவளே அப்படிச் சொன்னாள். ஆனால் யோசிக்க ஒரு இரவு மட்டும் கொடுத்தது நியாயமில்லை. இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முன்கூட்டியே ஒரு தனிச் சந்திப்பு வைத்து இவற்றைப் பேசுவோம் என்று பதில் வந்திருக்கிறது.

அறுவை நன்றாக நடந்தது. மேலுதட்டுக்கு உள்ளே, ஈறுக்கு மேலே கீறினார்கள், முகத்தில் வெளியே ஒரு கோடுகூட இல்லை. இந்த எலும்பில் ரத்தக் கசிவு அதிகம் இருக்கும் என்று ரத்தம் தயாராக வைத்திருந்தார்கள். சீவிய எலும்பை மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அதே முடிவுதான் வந்தது. சில வாரம் கன்னம் நன்றாகவே வீங்கி இருந்தது, அது வடிந்து உண்மையான வடிவம் தெரியப் பல மாதம் ஆகும் என்று சொன்னபடியே ஆனது. செவிலியர்கள் தங்கமானவர்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லித் தருவதிலிருந்து, இரவில் தலையை உயர்த்திப் படுக்கவைப்பதுவரை, ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. மரமரப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. மூக்கோரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முகம் அச்சு அசலாகச் சமமாகிவிட்டதா என்றால் இல்லை, உற்றுப் பார்த்தால் தெரியும். மகளுக்கு அது போதும் என்கிறாள். கண்ணாடி நேராக நிற்கிறது.

இப்போது வருடத்துக்கு ஒரு முறை போகிறோம். கண்ணைப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், பல் மருத்துவர் ஈறையும் பற்களையும் பார்க்கிறார்.

இப்படி ஒரு இடத்துக்குப் போகிறவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயாப்சி செய்திருந்தால் ஸ்லைடும், எடுத்த துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் பழைய பரிசோதனைக் கூடத்தில் இருக்கும், எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். சில வருடப் பழைய போட்டோக்களைப் போனில் தனியாக எடுத்து வையுங்கள். என் கேஸைக் கதிரியக்க மருத்துவரும் திசுப் பரிசோதனை மருத்துவரும் சேர்ந்து பார்ப்பார்களா என்று வரவேற்பு மேஜையிலேயே கேளுங்கள். அறுவைச் சிகிச்சை என்று தேதி கொடுத்தால், எந்த நரம்பு பக்கத்தில் இருக்கிறது, அது பாதிக்கப்பட்டால் எனக்கு என்ன ஆகும் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.